பரணிலிருந்து வரவேற்பறைக்கு: பழைய பொருள்களை அழகுப் பொருளாக்கும் முன்

உள்ளரங்க வடிவமைப்பாளராகப் பணியாற்றும் என்னிடம் வருவோரில் பலர், பூர்விக வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து இறக்கிய பொருள்களோடு வருகிறார்கள். வெண்கல உருளி, அரிக்கேன் விளக்கு, ஊஞ்சல் பலகை, தையல் இயந்திரத்தின் வார்ப்பிரும்புக் கால், பெயர் வெட்டிய பித்தளைக் குடம் ஆகியவற்றை எடைக்குப் போட மனமில்லாமல், புது வீட்டில் அழகாக வைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்த மனத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஊஞ்சல் பலகை தேநீர் மேசையாவதையும் தையல் இயந்திரத்தின் கால் கைகழுவும் தொட்டியைத் தாங்குவதையும் காட்டும் காணொளிகள் ஏராளமாக இருப்பதால், யோசனைகளுக்குக் குறைவில்லை. ஆனால், அந்தப் பொருளின் மேல் என்ன பூசப்பட்டிருக்கிறது, வீட்டுக்குள் வந்த பிறகு அது என்ன செய்யும் என்பதை அவற்றில் மிகச் சிலவே சொல்கின்றன.

முதலில் பெயின்ட். பழம்பொருள் கடைகள் நிறைந்த காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய கதவைக் கட்டிலின் தலைப்பலகையாகவோ சாப்பாட்டு மேசையாகவோ மாற்றுவது இன்று பரவலான விருப்பம். அத்தகைய கதவுகளிலும் சன்னல்களிலும் பல பதின்ஆண்டுகளின் பெயின்ட் அடுக்கடுக்காக இருக்கும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு மில்லியனுக்கு 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற கட்டாய விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எண்ணெய்ப் பெயின்ட்டில், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்கக்கூடும் என்று கருதியே வேலையைத் தொடங்க வேண்டும். உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால் எழும் தூள் தரையிலும் துணியிலும் படிந்து, தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகிறது. குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

ஆகவே, பெயின்ட் உறுதியாகப் பிடித்திருந்தால் அதைச் சுரண்டாமல், ஈரத் துணியால் துடைத்து, அதன் மேலேயே நிறமற்ற வார்னிஷ் பூசிவிடுவது நல்லது. மங்கிய பழைய நிறத்துக்குத் தனி அழகு உண்டு. உரிந்து கொண்டிருந்தால், வீட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்து, பெயின்ட் நீக்கும் திரவத்தால் இளக்கி, ஈரமாகவே வழித்தெடுக்க வேண்டும். என்95 முகக்கவசமும் கையுறையும் அவசியம்; விழுந்த துணுக்குகளைத் துடைப்பத்தால் பெருக்கக்கூடாது. குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்த இடத்திலேயே இருக்கக்கூடாது. பழைய வர்ணம் பூசிய மரத் தொட்டிலையும் நடைவண்டியையும் குழந்தைகள் அறையின் அலங்காரத்துக்கு வைக்க நான் சம்மதிப்பதே இல்லை.

மரத்தில் இன்னொரு கவலை உளுப்பது. வைரம் பாய்ந்த தேக்கை வண்டு எளிதில் தொடாது; ஆனால், பலகையின் ஓரத்தில் உள்ள வெளிர் நிறப் பகுதியில் குண்டூசி முனை அளவுத் துளைகளைக் கண்டால், அடியில் கறுப்புத் தாளை விரித்துச் சில வாரங்கள் பாருங்கள். மாவு போன்ற தூள் புதிதாக விழுந்தால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது என்று பொருள். போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பாலிஷ் நீக்கிய வெற்று மரத்தில் பலமுறை பூசிக் காயவிட்ட பிறகே அதை வீட்டிலுள்ள மற்ற மரச்சாமான்களுக்கு அருகில் கொண்டுபோக வேண்டும்.

உருளியில் நீர் நிரப்பிப் பூவிதழ் மிதக்கவிடுவது இன்று ஏறக்குறைய எல்லா வீட்டு வாசலிலும் காணும் காட்சி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட தெளிந்த நீரைத்தான் தேடி வருகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ 8 முதல் 10 நாள் போதும். பூவை மட்டும் மாற்றி நீரை அப்படியே விடுவதால் பயனில்லை. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும். எனவே, வாரத்தில் இருமுறையாவது நீரைக் கொட்டி, உட்புறத்தை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். செடி வைக்கும் பழைய டயருக்கும் ஆட்டுக்கல்லின் குழிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அரிக்கேன் விளக்கை மின்விளக்காக்குவோர் முதலில் மண்ணெண்ணெய்த் தொட்டியைக் கழுவி முழுதும் உலர்த்த வேண்டும். உடல் முழுவதும் உலோகம் என்பதால், எர்த் இணைப்புள்ள மூன்று இழைக் கம்பியைப் பயன்படுத்துவதும், கம்பி நுழையும் துளையின் விளிம்பில் ரப்பர் வளையம் பொருத்துவதும் கட்டாயம். சூடு குறைந்த எல்இடி பல்பே ஏற்றது. பெட்ரோமாக்ஸ் விளக்கின் பழைய மேன்டிலில், அதாவது சூடேறி ஒளிரும் வலைப்பையில், தோரியம் இருக்கும். லேசான கதிர்வீச்சு உடைய அந்தத் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது என்பதால், உதிர்ந்த மேன்டிலை ஊதித் தள்ளாமல் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பித்தளைக் குடத்தையும் தாம்பாளத்தையும் இயந்திரப் பாலிஷுக்குக் கொடுக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். கழுத்தோரத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயரும் ஊரும் இரண்டு முறை பாலிஷ் போட்டாலே மழுங்கிவிடும். குடும்பத்தில் ஒரு மூதாட்டியின் பெயர் எழுத்தில் மிஞ்சியிருப்பது சில நேரங்களில் அந்தக் குடத்தில் மட்டும்தான். புளியும் உப்பும் போதும். ஈயப்பூச்சு என்று நாம் சொல்லும் வெள்ளீயப் பூச்சு தேய்ந்த பித்தளைப் பாத்திரத்தில் செடி வைக்கலாம், குடை வைக்கலாம். புளிப்புள்ள உணவை மட்டும் வைக்கக்கூடாது. மாறாக, நல்ல நிலையில் உள்ள கல்சட்டியையும் இரும்பு வாணலியையும் சுவரில் மாட்டுவதைவிட அடுப்பில் ஏற்றுவதே முறை என்பது என் கருத்து.

முறத்தையும் ஓலைப் பெட்டியையும் சுவரில் அடுக்குவோருக்கு நம் வீடுகளிலேயே பழைய வழி ஒன்று உண்டு. ஊறவைத்த பழைய தாளை வெந்தயத்தோடு அரைத்து, அந்தக் கூழை முறத்தில் பூசிக் காயவைப்பார்கள். ஓட்டைகள் அடைபட்டு, பின்னல் பிரியாமல் நிற்கும். அதன் மேல் வண்ணம் தீட்டவும் எளிது.

பட்டுப் புடவையைச் சட்டமிட விரும்பினால், கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஜரிகையைச் சோதித்துப் பாருங்கள். அசல் காஞ்சிபுர ஜரிகையில் சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றி, தங்க முலாம் பூசியிருப்பார்கள். அதை எடைக்கு வாங்கி வெள்ளியை உருக்கி எடுப்பவர்கள் தெருத்தெருவாக வருவது அதனால்தான். முந்தானையை அட்டையில் பசையால் ஒட்டினால் பட்டு பழுத்து நைந்துவிடும். துவைத்துக் கஞ்சி நீக்கிய பருத்தித் துணியில் நெருக்கமான சிறு தையல்களால் பிடித்து, கண்ணாடி துணியைத் தொடாதபடி இடைவெளி விட்டுச் சட்டமிட வேண்டும். வெயில் நேராக விழும் சுவரிலும், மழைக்காலத்தில் ஈரம் ஊறும் வெளிச்சுவரிலும் அதை மாட்டக்கூடாது.