தப்பியது இன்ஜெக்டரா, எண்ணிக்கையா?

அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டு கராஜிலேயே விமானம் கட்டிப் பறக்கலாம். வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர்களே செய்ததாக இருந்தால் அதற்கு 'எக்ஸ்பெரிமென்ட்டல்' என்ற வகையில் அனுமதி கிடைக்கும். ஏறும் வாசல் பக்கம் அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதியும் வைக்க வேண்டும். இப்படிக் கட்டுபவர்களில் சிலர் லைக்கமிங் கம்பெனியின் நான்கு சிலிண்டர் விமான எஞ்சினை வாங்கி, காரில் இருப்பதுபோல கம்ப்யூட்டர் இயக்கும், பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை அதில் மாட்டுகிறார்கள். தலைவலி அங்கே ஆரம்பிக்கிறது.

லைக்கமிங்கின் பழைய இன்ஜெக்ஷனில் டைமிங் என்ற பேச்சே கிடையாது. பெட்ரோல் விடாமல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். வால்வு மூடியிருந்தால் வாசலில் காத்திருக்கும், திறந்ததும் உள்ளே போகும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் இன்ஜெக்டர் அப்படியில்லை. திறந்து திறந்து மூடும். எப்போது திறப்பது என்று தெரிய, கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, எங்கே நிற்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

அதற்குத்தான் பற்சக்கரம். ஒரு வகையில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், ஆனால் 58 பல்தான் இருக்கும். பல்லுக்கு 6 டிகிரி என்று சென்சார் எண்ணிக்கொண்டே வரும். பல் இல்லாத அந்தப் பொக்கை வாய் வந்ததும் கணக்கு புதிதாகத் தொடங்கும். நான்கு ஸ்ட்ரோக் முடிய கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதால், இது முதல் சுற்றா இரண்டாம் சுற்றா என்று சொல்ல வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் பக்கம் இன்னொரு சென்சாரும் வேண்டும்.

சரி, எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கிறது. உடனே எல்லோரும் இன்ஜெக்டர் டைமிங்கைத் திருகப் போவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நிமிடத்துக்கு 2700 சுற்றில் இரண்டு சுற்று முடிய 44 மில்லி செகண்ட் ஆகும். முழு பவரில் இன்ஜெக்டர் 20 மில்லி செகண்ட் திறந்திருந்தால், அதற்குள் கிராங்க் 324 டிகிரி சுற்றிவிடும். ஏறக்குறைய ஒரு சுற்று நேரம் பெய்கிற மழை பத்து டிகிரி முன்னே பின்னே தொடங்கினால் என்ன குறைந்துவிடும்? எஞ்சின் சும்மா மெதுவாக ஓடும் ஐடிலில் கதை வேறு. 750 சுற்றில் 3 மில்லி செகண்ட் திறப்பு என்றால் பதின்மூன்று, பதினான்கு டிகிரிதான். அங்கே மட்டும் நடுங்கினால் இன்ஜெக்டர் டைமிங்கைச் சந்தேகிக்கலாம். கம்ப்யூட்டர் அமைப்பில் இன்ஜெக்டர் டைமிங்கை 360 டிகிரி தள்ளிப் போட்டுப் பாருங்கள்: எஞ்சின் நிற்காது, ஐடில் மட்டும் கொஞ்சம் மாறும்.

பவர் ஏற்றும்போது மிஸ்ஸிங் என்றால் ஸ்பார்க்கையும் பல் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். முதல் சாட்சி எக்ஸாஸ்ட் சூடு. ஒரு சிலிண்டரில் மட்டும் மாறினால் அந்த இன்ஜெக்டரோ பிளக்கோதான் குற்றவாளி. நான்கிலும் சேர்ந்து எக்ஸாஸ்ட் சூடு ஏறி, சிலிண்டர் ஹெட் சூடு இறங்கினால், ஸ்பார்க் பிந்துகிறது.

அடுத்தது டைமிங் லைட், பிளக்கில் பொறி பறக்கும்போதெல்லாம் மின்னி, சுற்றும் குறியை நிற்பதுபோல் காட்டும் விளக்கு. கம்ப்யூட்டரில் ஸ்பார்க்கை ஒரே டிகிரியில் பூட்டிவிட்டு, வேகத்தை மாற்றி மாற்றி குறியைப் பார்க்க வேண்டும். (லைக்கமிங்கில் குறி இருப்பது புரொப்பெல்லருக்குச் சற்றுப் பின்னால் உள்ள ஸ்டார்ட்டர் ரிங்கில். ஓடும் புரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாது. விமானத்தைக் கட்டிப்போடாமல், பின்பக்கம் நிற்காமல் யாரும் லைட்டைத் தூக்கக்கூடாது.) எல்லா வேகத்திலும் குறி ஒரே அளவு தள்ளி நின்றால், சென்சார் பொருத்திய இடம் தவறு, கம்ப்யூட்டரில் எண்ணை மாற்றினால் தீர்ந்தது. வேகம் ஏற ஏற நழுவினால், காந்த சென்சாரின் இரண்டு ஒயர்களும் மாறியிருக்கலாம், அல்லது சிக்னல் எங்கோ தாமதமாகிறது. பத்தில் ஒரு மில்லி செகண்ட் தாமதம்கூட 2700-இல் ஒன்றரை டிகிரிக்கு மேல் போகும்.

குறி துள்ளினால்தான் தொல்லை. சென்சாருக்கும் பல்லுக்கும் இடைவெளி அதிகமாகியிருக்கலாம், சக்கரம் கோணலாக ஓடலாம். பல சமயம் காரணம் அதைவிட அற்பம்: சென்சார் ஒயரையும் பிளக் ஒயரையும் அழகாக ஒரே கட்டாகக் கட்டியிருப்பார்கள். பிளக்கில் பொறி பறக்கும்போதெல்லாம் பக்கத்து ஒயரில் ஒரு பொய்ப் பல் முளைக்கும். கணக்கு உதைக்கிறது என்று தெரிந்ததும் கம்ப்யூட்டர் பொக்கை வாய் வரும்வரை கையைக் கட்டிக்கொள்ளும். பைலட்டுக்கு அது ஒரு விக்கல்.

கட்டைப் பிரித்து, சென்சாருக்கு ஷீல்டு ஒயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, விக்கிய அதே வேகத்தில் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரின் பதிவில் கணக்குத் தப்பியது பூஜ்யமாக இருக்க வேண்டும். அப்புறம், ரேடியோ அலையும் பொய்ப் பல் முளைக்க வைக்கிறதா என்று பார்க்க, ரேடியோ பட்டனை அழுத்திப் பேசிக்கொண்டே இன்னொரு முறை.