ஆறாத கால் புண்ணும் கெண்டைக்கால் பம்பும்

பரோட்டா மாஸ்டராக இருக்கும் தன் அண்ணனைப் பற்றி ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். அவருக்கு வயது ஐம்பதுக்குள். இடது கணுக்காலின் உட்பக்கம், புடைத்திருக்கும் எலும்புக்குச் சற்று மேலே ஒரு புண். வருடக்கணக்கில் ஆறுவதும் திறப்பதுமாக இருக்கிறது. களிம்பு, பவுடர், மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. ரத்தத்தில் சர்க்கரை இல்லை. "சர்க்கரையே இல்லாதவருக்குப் புண் ஏன் ஆற மாட்டேன் என்கிறது?"

நம் ஊரில் ஆறாத புண் என்றாலே சர்க்கரை என்று முடிவு கட்டிவிடுகிறோம். சர்க்கரைப் புண் பெரும்பாலும் உள்ளங்காலிலும் விரல்களிலும் வரும். உணர்ச்சி மரத்துப்போன இடத்தில் உடலின் பாரம் விழுந்துகொண்டே இருப்பதால் வருவது அது. கணுக்காலுக்கு மேலே, உட்பக்கமாக, சுற்றிலும் தோல் கறுத்துத் தடித்து, நீர் கசிந்துகொண்டே இருக்கும் புண் வேறு வகை. கடிதத்தை வைத்து நோய் சொல்வது தவறுதான். ஆனால் நாள் முழுக்கக் கல்லுக்கு முன்னால் நிற்கும் வேலை, முழங்காலுக்குக் கீழே புடைத்து நெளியும் நரம்புகள் என்று அவர் எழுதியிருந்த விவரங்களைப் பார்த்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது சிரைகளை, அதாவது பேச்சில் நாம் நரம்பு என்று சொல்லும் ரத்தக்குழாய்களைத்தான்.

ரத்தம் தமனி வழியாகக் கீழே போய் சிரை வழியாக மேலே வருகிறது என்பது பள்ளிக்கூடப் பாடம். நிற்கும்போது இதயத்துக்கும் கணுக்காலுக்கும் இடையே ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரம். அவ்வளவு உயர ரத்தத் தூணின் எடை முழுவதும் கணுக்கால் சிரைமேல் விழுகிறது. கணக்குப் போட்டால் சுமார் 90 மி.மீ. பாதரச அழுத்தம். படுத்திருக்கும்போது அதே சிரையில் 10, 15 மி.மீ.தான் இருக்கும்.

அப்படியானால் ரத்தத்தை மேலே ஏற்ற இதயம் திணறுமா? திணறாது. தமனியிலும் அதே உயரத் தூண் நிற்கிறது. இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். ரத்தம் எப்படியோ திரும்பி வந்துவிடும். தொல்லை அது ஏறுவதில் இல்லை. கீழே, மெல்லிய சுவர் கொண்ட நுண்குழாய்களில், மணிக்கணக்கில் நிலைத்து நிற்கும் அழுத்தத்தில் இருக்கிறது.

இனி வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. நின்றுகொண்டிருப்பவர் நடக்கத் தொடங்கியதும் கணுக்கால் சிரையின் அழுத்தம் 90-லிருந்து பத்துப் பன்னிரண்டு அடிகளுக்குள் 30-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆள் நின்ற உயரம் குறையவில்லை, புவியீர்ப்பும் குறையவில்லை. பிறகு எப்படி?

கெண்டைக்கால் தசைகளைச் சுற்றி விறைப்பான ஓர் உறை இருக்கிறது. எளிதில் விரிந்து கொடுக்காத உறை. அடி எடுத்து வைக்கும்போது தசை சுருங்கிப் பருக்கிறது. வெளியே விரிய இடமில்லை. அதனால் உள்ளே அழுத்தம் 200 மி.மீ.க்கும் மேலே எகிறி, தசைக்கு நடுவே இருக்கும் ஆழ்சிரைகள் பிழியப்படுகின்றன. ஒரே பிழியலில் அங்கிருந்த ரத்தத்தில் பாதிக்கு மேல் தொடைப்பக்கம் போய்விடும். கீழே திரும்ப முடியாது, ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் கதவுகள் போல வால்வுகள் இருக்கின்றன. அடுத்த நொடி தசை தளர்கிறது. காலியான ஆழ்சிரைகள், தோலுக்கு அடியில் ஓடும் சிரைகளின் ரத்தத்தை இணைப்புச் சிரைகள் வழியாக உள்ளே உறிஞ்சிக்கொள்கின்றன. மறுபடி அடி, மறுபடி பிழியல். இதனால்தான் கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்கிறார்கள்.

ஆனால் அழுத்தம் குறைவதற்கான முழுக் காரணம் பிழிவது மட்டும் இல்லை. பிழிந்த பிறகு வால்வுகள் மூடிக்கொள்வதால், ஒரே நீளத் தூணாக நின்ற ரத்தம் துண்டு துண்டாகப் பிரிந்துவிடுகிறது. கட்டட வேலையில் சாரத்தில் வரிசையாக நின்று சாந்துச் சட்டி கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே நிற்பவர் தன் கையில் உள்ள ஒரு சட்டியைத்தான் தாங்குகிறார். மேலே போன சட்டிகளின் எடை அவர்மேல் விழுவதில்லை. ஒவ்வொரு வால்வும் தனக்கு மேலே உள்ள குட்டைத் துண்டை மட்டும் தாங்குகிறது. கணுக்காலுக்கு வருவது கடைசித் துண்டின் எடை மட்டுமே. நடப்பதை நிறுத்தினால் நுண்குழாய்கள் வழியாக ரத்தம் மெதுவாக நிரம்பி, வால்வுகள் திறந்து, மறுபடி ஒரே தூணாக மாற இருபது நொடிக்கு மேல் ஆகும்.

இந்த வால்வுகளை 1603-ல் இத்தாலியின் பதுவாவில் உடற்கூறியல் பேராசிரியர் ஃபாப்ரீசியஸ் விரிவாக வரைந்து காட்டினார். ரத்தம் கால்களில் போய்க் குவியாமல் வேகத்தைக் குறைக்கும் தடுப்புகள் என்று நினைத்தார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி, கையில் துணியை இறுக்கிக் கட்டி, புடைத்த சிரையை விரலால் தடவிப் பார்த்தார். இதயத்தை நோக்கித் தள்ளினால் ரத்தம் போகிறது, எதிர்ப்பக்கம் போக மறுக்கிறது. 1628-ல் அவர் வெளியிட்ட ரத்த ஓட்டக் கோட்பாட்டுக்கு இது ஒரு முக்கியச் சான்று. வீட்டில் இன்றும் செய்து பார்க்கலாம். செலவு ஒரு கைக்குட்டை.

சரி, வால்வு பழுதானால்? பரம்பரை, பிரசவங்கள், உடல் எடை, எப்போதோ ஆழ்சிரையில் ரத்தம் உறைந்தது, நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பது என்று காரணங்கள் பல. சிரை விரிந்து வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று சேராமல் போகின்றன. தசை பிழிந்து மேலே அனுப்பிய ரத்தம் அடுத்த நொடியே கீழே கொட்டுகிறது. நடந்தாலும் அழுத்தம் இறங்காது. 1993-ல் ஆண்ட்ரூ நிகோலைடிஸும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், நடக்கும்போது கணுக்கால் அழுத்தம் 30-க்குக் கீழே இருந்த கால்கள் எதிலும் புண் இல்லை. 90-ஐத் தாண்டிய கால்கள் எல்லாவற்றிலும் புண் இருந்தது. இடையில் அழுத்தம் ஏற ஏறப் புண்ணும் ஏறுகிறது. மருத்துவத்தில் இவ்வளவு நேர்கோடாக ஒரு வரைபடம் கிடைப்பது அபூர்வம்.

அதன்பிறகு நடப்பது வேகமாகச் சொல்லக்கூடியதுதான். நுண்குழாய்களிலிருந்து நீரும் புரதமும் சிவப்பணுக்களும் கசிகின்றன. சிவப்பணுவின் இரும்பு தோலில் தங்கிக் கறுக்கிறது. வெள்ளை அணுக்கள் அங்கே சிக்கி, திசுவை அரிக்கும் நொதிகளைக் கொட்டுகின்றன. தோல் விறைக்கிறது. அப்புறம் ஒரு கொசுக்கடியைச் சொறிந்தால் போதும், புண் திறந்துகொள்ளும்.

இப்போது வாசகியின் கேள்விக்கு வரலாம். களிம்பு ஏன் வேலை செய்யவில்லை? கோளாறு புண்ணுக்குள் இல்லை, அதற்கு மேலே இருக்கும் ரத்தத் தூணில் இருக்கிறது. சீழ், காய்ச்சல், சுற்றிலும் சிவந்து பரவும் வலி இல்லாதவரை ஆன்டிபயாடிக்கும் வீண்தான். புண்ணைக் காற்றாடக் காய விட வேண்டும் என்பதும் பழைய நம்பிக்கை. 1962-லேயே ஜார்ஜ் வின்டர் பன்றிகளில் சோதித்து, ஈரம் காக்கப்பட்ட காயம் காய்ந்த காயத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் தோல் மூடுவதைக் காட்டிவிட்டார்.

இந்தப் புண்ணுக்கு முதன்மையான மருத்துவம் ஒரு கட்டு. மருந்து தடவிய கட்டு அல்ல. பாத விரல்களின் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை இறுக்கமாகச் சுற்றும் அழுத்தக் கட்டு. கணுக்காலில் 40 மி.மீ. அழுத்தம் வர வேண்டும், மேலே போகப் போகக் குறைய வேண்டும். இதைக் கையால் எப்படி அளந்து கட்டுவது? அளக்க வேண்டியதில்லை. ஒரே இழுவிசையில் சுற்றினால், வளைவு சிறியதாக உள்ள இடத்தில் அழுத்தம் அதிகமாகவும் பெரியதாக உள்ள இடத்தில் குறைவாகவும் விழும் என்பது லாப்லாஸ் விதி. கணுக்கால் ஒல்லி, கெண்டைக்கால் பருமன். ஆகவே சீராகக் கட்டினால் அழுத்தம் தானே படிப்படியாகக் குறைகிறது! இதே விதிதான் ஆபத்தும். முன்காலின் கூரான எலும்பு விளிம்பில் அழுத்தம் தாறுமாறாக ஏறித் தோலையே வெட்டிவிடும். அதனால்தான் முதலில் பஞ்சுப் பட்டை வைத்துக் காலை உருண்டையாக்குகிறார்கள்.

ஒட்டகச்சிவிங்கிக்கு இந்தக் கட்டு பிறவியிலேயே இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் இதயம் இருந்தும் அதன் கால் வீங்குவதில்லை. 1987-ல் ஆலன் ஹார்கன்ஸ் குழு நேச்சர் இதழில் எழுதிய விளக்கத்தில், காலின் இறுக்கமான தோலுக்கு முக்கியப் பங்கு உண்டு.

லண்டனின் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் உருவான நான்கு அடுக்கு அழுத்தக் கட்டைப் போட்டபோது, 1988-ல் வெளியான முடிவின்படி 148 புண்களில் 110 பன்னிரண்டு வாரத்தில் மூடிக்கொண்டன. அவற்றில் பல, மற்ற சிகிச்சைகளுக்கு மசியாத பழைய புண்கள்.

ஆனால் கட்டுவதற்கு முன் ஒரு சோதனையைத் தவிர்க்கக் கூடாது. தமனி அடைத்திருக்கும் காலை இறுக்கிக் கட்டினால் கால் அழுகிவிடும். ரத்த ஓட்டத்தை அல்ட்ராசவுண்டால் அறியும் டாப்ளர் கருவியால் அளந்து, கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையினுடையதால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.8-க்குக் குறைந்தால் முழு இறுக்கக் கட்டு வேண்டாம், ரத்தநாள மருத்துவரைப் பார்க்க வேண்டும். பல வருடச் சர்க்கரைக்காரர்களின் தமனி சுண்ணாம்பு படிந்து விறைத்திருப்பதால் இந்த எண் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பழுதான வால்வைக் கண்டுபிடிப்பதும் அல்ட்ராசவுண்டுதான். கெண்டைக்காலைப் பிழிந்து விடும்போது, தோலடிச் சிரையில் ரத்தம் அரை நொடிக்கு மேல் கீழ்நோக்கி ஓடினால் அங்கே வால்வு ஒழுகுகிறது.     காலின் பழுதான சிரையை லேசர் கொண்டு உள்ளிருந்தே சுட்டு அடைக்கும்போதும் மருத்துவரின் கண் அல்ட்ராசவுண்டு திரையில்தான். இந்த அடைப்பைத் தள்ளிப்போடாமல் கட்டோடு சேர்த்துச் சீக்கிரமே செய்தால் என்ன ஆகும் என்று பிரிட்டனில் 450 பேரிடம் சோதித்தார்கள். 2018-ல் வந்த முடிவு: பாதிப் பேருக்குப் புண் ஆற ஆகும் காலம் 82 நாளிலிருந்து 56 நாளாகக் குறைந்தது.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. இவ்வளவு மலிவான, இவ்வளவு தெளிவான சிகிச்சை நம் தெருக்களுக்கு வந்து சேரவில்லை. பெரும்பாலான காப்பீடுகள் படுக்கையில் சேர்ந்தால்தான் காசு தரும். வாரம் ஒருமுறை கட்டு மாற்ற யார் தருவது? 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை தருகிறார்கள். அவர்களில் சிலருக்குக் கட்டுப் போடவும் டாப்ளர் பிடிக்கவும் கற்றுக்கொடுத்தால் என்ன? புதிய களிம்புக்கு ஓடும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு துளி இதற்குப் போதும்.

இன்னொன்று, மந்திரித்ததாலும் மூலிகைப் பொடியாலும் புண் ஆறியது என்பவர்கள் எல்லோரும் பொய் சொல்வதில்லை. பொடி போட்ட பத்துப் பதினைந்து நாளும் வேலைக்குப் போகாமல் காலைத் தூக்கிப் போட்டுப் படுத்திருக்கிறார்கள். ரத்தத் தூண் சாய்ந்துவிட்டது, புண் சுருங்கியது. பெயர் பொடிக்குப் போனது. வேலைக்குப் போனதும் புண் திறந்தால் பழி செய்வினைக்குப் போகிறது.

வேலையை விட வேண்டுமா என்றும் வாசகி கேட்டிருந்தார். கட்டோடு நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும். கட்டின் பலனே தசை அதற்கு எதிராகப் பிழியும்போதுதான் கூடுகிறது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது நல்ல காரியம். ஆனால் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் அழுத்தம் ஓரளவுதான் குறையும். மாவு பிசையும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். இடைவேளையில் கால் நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி படுக்கட்டும். கட்டுப் போட்ட பிறகு விரல்கள் நீலம் பாரித்தாலோ, வலி கூடினாலோ, உடனே அவிழ்த்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். புண் ஆறிய பிறகும் அழுத்தக் காலுறை தொடர வேண்டும். ஆறு மாதத்தில் அதன் இழுவை தளர்ந்துவிடும், புதிது வாங்க வேண்டியிருக்கும். காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கால் வீங்கிய பிறகு அது ஏறாது.