பெட்டிக்குள் ஒரு துருப்பிடிக்கும் பொட்டலம்

ஒசாகாவில் படிக்கும் அக்கா மகன் ஒரு பெட்டி நிறைய இனிப்பு அனுப்பியிருந்தான். வந்து சேரப் பன்னிரண்டு நாள். பிரித்தால் சாக்லேட் மட்டும் வழியில் எங்கோ உருகி, மறுபடி இறுகி, மேலே சாம்பல் பூத்திருந்தது. மற்றதெல்லாம் நேற்றுக் கடையில் வாங்கியது போல இருந்தன. இத்தனைக்கும் அவற்றில் பலவற்றில் சாக்லேட்டைவிட ஈரம் அதிகம்.

யோகானையே எடுத்துக்கொள்வோம். அசுகி என்ற சின்னச் சிவப்புப் பயறு, சர்க்கரை, கடல்பாசி மூன்றும் சேர்ந்த வழவழப்பான கட்டி அது. பார்த்தால் அல்வாத் துண்டு மாதிரி இருக்கும். சாக்லேட்டிலுள்ள கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். கடல்பாசியின் குணம் வேறு. சுடச்சுடக் காய்ச்சிய கரைசல் 40 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதுதான் உறையும். உறைந்ததைத் திரும்ப உருக்க 85 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். எந்தக் கிடங்கிலும் அவ்வளவு வெயில் அடிப்பதில்லை.

சரி, கெடாமல் இருப்பது எப்படி? யோகானில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பகுதியைச் சர்க்கரை பிடித்து வைத்திருக்கிறது. நுண்ணுயிர்களுக்கு அது கைக்கெட்டாத தண்ணீர். நம் ஊறுகாயில் உப்பு செய்வதும் இதையேதான். போதாததற்கு, கொதிக்கும் கலவையை அப்படியே அலுமினிய உறைக்குள் ஊற்றி மூடிவிடுகிறார்கள். பேரிடர்க் காலத்துக்கென்றே இமுராயா நிறுவனம் விற்கும் யோகான் 5 ஆண்டுகள் தாங்கும்.

பயற்று விழுதை நடுவில் வைத்த தொராயாகி என்னும் பணியாரத்துக்கு இந்த வசதி கிடையாது. மெத்தென்ற ஈர மாவு, பூசணத்துக்கு விருந்து. அதற்குத்தான் உறைக்குள் அந்தக் குட்டிப் பொட்டலம், ‘சாப்பிடாதீர்கள்’ என்று ஜப்பானிய மொழியில் எழுதியது. ஈரம் உறிஞ்சுவது என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கண்ணாடி மணி மாதிரி உருண்டைகள் தெரிந்தால் அது சிலிக்கா ஜெல். செம்பே என்னும் மொறுமொறுப்பான அரிசி வில்லையோடு வரும், ஈரம் இழுக்கும். இது வேறு. உள்ளே இருப்பது பொடிப்பொடியான இரும்புத்தூளும் கொஞ்சம் உப்பும். உறைக்குள் அடைபட்ட காற்றின் ஆக்ஸிஜனைத் தின்று அந்த இரும்பு துருப்பிடிக்கிறது, அவ்வளவுதான். ஒரு கிராம் இரும்பு முழுக்கத் துருவாக ஏறத்தாழ 300 மில்லி ஆக்ஸிஜன் வேண்டும். ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான காற்றில் உள்ள ஆக்ஸிஜன் அது. 21 சதவீதமாக இருந்த ஆக்ஸிஜன் 0.1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். பூசணம் மூச்சுவிட வழியில்லை, எண்ணெயும் சிக்கடிக்காது. மிட்சுபிஷி காஸ் கெமிக்கல் 1977இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வீட்டு இரும்புக் கதவில் நாம் திட்டித் தீர்க்கும் துருவை வேலைக்கு வைத்துக்கொண்ட சாமர்த்தியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்று மட்டும்: உறை காற்றுப் புகாததாக இருக்க வேண்டும். சாதாரண பாலிதீன் வழியே ஆக்ஸிஜன் கசிந்து வந்துகொண்டே இருக்கும், இரும்பு தோற்றுப்போகும்.

அப்புறம் மோச்சி. “மாமா, அதை ஃபிரிட்ஜில் வெச்சுடாதீங்க” என்று அவன் போனில் சொன்னான். அதற்குள் பாதியை வைத்துவிட்டிருந்தேன். காலையில் அந்தப் பாதி விறைத்துக் கிடந்தது. பசையரிசியை அவித்து இடிக்கும்போது மாவுச்சத்து நீரைக் குடித்து நெகிழ்கிறது. குளிரில் அதன் இழைகள் மறுபடி ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃபிரிட்ஜின் குளிரில்தான் இது மிக வேகமாக நடக்கும். நெடுந்தூரம் போகும் மோச்சியில் சர்க்கரையை அள்ளிப் போடுவது அந்த இறுக்கத்தைத் தள்ளிப்போடத்தான். கடையில் அன்றன்று செய்யும் தைஃபுகு, அதாவது உள்ளே பயற்று விழுது வைத்த மோச்சி, இந்தப் பயணத்துக்கு ஆகாது. அதைத் தின்ன ஜப்பானுக்குத்தான் போக வேண்டும்.

அட்டையில் 26.03.05 என்றிருப்பதைப் பார்த்து, 2005இல் காலாவதியானது என்று வீட்டில் தூக்கிப் போடப் பார்த்தார்கள். ஜப்பானில் ஆண்டு முதலில் வரும்: 2026 மார்ச் 5. சாக்லேட்டின் சாம்பலும் பூசணமில்லை, மேலே வந்து படிந்த கொக்கோ வெண்ணெய்தான். அதைச் சூடான பாலில் போட்டுக் கலக்கிக் குடித்தோம்.