கொஞ்சம் பெற்றோல் கலந்த மண்ணெண்ணெய்

எரிகாய நோயாளர்களைப் பார்க்கும் பிரிவில் சில வருடங்கள் வேலை செய்தவருக்கு, காயம்பட்டவர் வாய் திறப்பதற்கு முன்பே அவருடைய உடுப்பின் மணம் பாதிக் கதையைச் சொல்லிவிடும். சென்ற மாதம் ஓர் இரவில் கொண்டுவரப்பட்ட இளைஞரிடமிருந்து இரண்டு மணங்கள் வந்தன. அவர் கடற்கரை ஹோட்டலொன்றில் சுற்றுலாப் பயணிகளின் முன் நெருப்பு வளையம், அதாவது சுற்றிலும் எரியும் திரிகள் பொருத்திய வளையம், சுழற்றுபவர். வலது கையும் கழுத்தும் முகத்தின் ஒரு பக்கமும் வெந்திருந்தன.

“என்ன எண்ணெய் தம்பி?”

“மண்ணெண்ணெய்தான் டொக்டர்.”

“அதோடு வேறென்ன?”

“கெதியாப் பத்தட்டும் எண்டு கொஞ்சம் பெற்றோல் ஊத்தினன்.”

இந்தப் பதிலை இந்தப் பருவத்தில் மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். கிழக்கிலங்கையின் அறுகம்பையில் சித்திரை தொடங்கி ஐப்பசி வரையிலும், பாசிக்குடாவில் ஏறக்குறைய அதே மாதங்களிலும் பயணிகள் கூடும்போது, எங்கள் பிள்ளைகள் இரவில் நெருப்போடு ஆடி உழைக்கிறார்கள். அந்த உழைப்பை நான் குறை சொல்லவில்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நெருப்பு புதிதுமன்று. ஆனால் எங்கள் கோயில்களில் பந்தம் பிடித்தவர்கள் துணிச் சுருளைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்தார்கள். 200 பாகைக்கும் மேல் சூடேறினாலொழிய அந்த எண்ணெயின் ஆவி தீப்பற்றாது. பந்தத்தை நிமிர்த்தியும் பிடித்தார்கள், இடுப்பைச் சுற்றிச் சுழற்றவில்லை. “எங்கட அப்பப்பா காலத்தில இருந்தே செய்யிறம்” என்று என்னிடம் வாதிடுபவர்கள், அப்பப்பா எதை ஊற்றினார் என்பதையும் சேர்த்து விசாரிப்பது நல்லது.

கலப்படத்துக்கு அந்த இளைஞர் சொன்ன நியாயம் எனக்கு உண்மையில் புரிந்தது. அவர் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. மண்ணெண்ணெயில் ஓடும் போட் எஞ்சினைப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதைச் சிறு வயது முதல் பார்த்தவர். எஞ்சினுக்குச் சரியானது திரிக்கும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார். எஞ்சினில் அந்தப் பெற்றோல் இரும்புக்குள் அடைபட்டு எரிகிறது, வளையத்திலோ உங்கள் விரலுக்கும் மூக்குக்கும் அருகில் திறந்த வெளியில் எரிகிறது.

இந்த ஓர் இடத்தில் மட்டும் பொறுமையாக வாசியுங்கள். மண்ணெண்ணெய் தீப்பற்றக்கூடிய அளவு ஆவியை விடுவதற்குக் குறைந்தது 38 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பெற்றோலுக்குப் பூச்சியத்துக்குக் கீழே சுமார் 40 பாகையே போதும், அதாவது எங்கள் ஊரில் எந்த நாளும் எந்த நேரமும் அது தயாராகவே இருக்கிறது. பத்துப் பங்கு மண்ணெண்ணெயில் ஒரு பங்கு பெற்றோல் சேர்த்தால் ஆபத்தும் பத்தில் ஒரு பங்குதான் கூடும் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்குப் பிழை. கலவையிலிருந்து முதலில் வெளியேறுவது பெற்றோலின் ஆவிதான், தீக்குச்சி சந்திப்பதும் அந்த ஆவியைத்தான். ஒரு சட்டி எருமைப்பால் முழுவதும் தயிராவதற்கு எத்தனை கரண்டி உறைமோர் தேவைப்படுகிறது என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். சிறிதளவு பெற்றோல் விழுந்ததும் அந்தக் கலனிலிருப்பது பற்றிக்கொள்ளும் விதத்தில் பெற்றோலாகிவிடுகிறது. பார்வைக்கு மண்ணெண்ணெய் போலவே இருப்பதனால் கையாள்பவரும் மண்ணெண்ணெய்க்குரிய அலட்சியத்துடனேயே கையாள்கிறார்.

“பெற்றோல் முதலில் எரிந்து முடிந்துவிடும், மிச்சம் மண்ணெண்ணெய்தானே” என்றும் சொல்கிறார்கள். அந்த ‘முதலில்’ என்பது எந்தக் கணம்? வளையத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, குனிந்து, லைட்டரைக் கொண்டுபோகும் கணம். முகமும் கையும் திரிக்கு மிக நெருக்கமாக இருக்கும் அந்த ஒரு வினாடியில்தான் கலவை தன் முழு மூர்க்கத்தையும் காட்டுகிறது. பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது என்பதால், மூடாத கலனிலிருந்து வழிந்து மணற்குழிகளில் தங்கியும் நிற்கும். அன்றிரவு முதலில் பற்றியது திரியன்று, கலனைச் சுற்றியிருந்த மணல்.

உண்மையில் அந்த இளைஞருடைய திரி கெதியாகப் பற்றாததற்கு மண்ணெண்ணெய் காரணமேயன்று. பழைய ஜீன்ஸ் துணியை இறுக்கிச் சுருட்டிக் கம்பியால் கட்டி, கடற்காற்றில் ஈரம் ஏறவிட்டிருந்தார். இதற்கென விற்கப்படும் கெவ்லார் என்னும் வெப்பம் தாங்கும் இழையாலான நாடா பருத்தியைப் போல எரிந்து உதிராது. புதிதாக இருக்கும்போது அதுவும் பற்றுவதற்குச் சுணங்கும், ஓரிரு தடவை கருகிய பின் இலகுவாகப் பற்றும். திரியைச் சிறிது நேரம் ஊறவிட்டு, லைட்டரைத் திரியின் அடிப்பக்கத்தில் சில வினாடிகள் பிடித்தால் மண்ணெண்ணெய் பற்றும். அந்தச் சில வினாடிப் பொறுமைக்குப் பதிலாக ஏழு வாரம் கட்டுப்போட வேண்டாம்.

வெளிநாட்டில் கிடைக்கும் சுத்திகரித்த பரஃபின் விளக்குத் திரவம் கைக்கு வந்தால் அதைப் பாவியுங்கள், அதன் தீப்பற்று வெப்பநிலை மண்ணெண்ணெயைவிடக் கூடியது. கிடைக்காவிட்டால் சுத்தமான மண்ணெண்ணெய் போதும். ஆனால் முன்பு பெற்றோல் இருந்த கானில் அதை வாங்காதீர்கள். 2022 இல் எரிபொருள் வரிசைகளில் நின்ற காலத்திலிருந்து வீட்டு மூலைகளில் கிடக்கும் கான்களில் எதில் எது இருந்தது என்று இன்று யாருக்கும் ஞாபகமில்லை. குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைப்பவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன், அதைக் குடித்துவிட்ட குழந்தைகளையும் நாங்கள்தான் பார்க்கிறோம். வெயிலில் கிடந்த உலோகக் கான் 38 பாகையை இலகுவாகத் தாண்டும் என்பதால் மண்ணெண்ணெயையும் நிழலிலேயே வையுங்கள். பயணிகள் கொண்டுவரும் முகாம் அடுப்பு எரிபொருள், பெயர் எதுவானாலும், எங்களைப் பொறுத்தவரை பெற்றோலின் உறவினர்தான், அவர்கள் தங்கள் ஊரில் கலக்கிறார்கள் என்பதற்காக நீங்கள் கலக்க வேண்டாம். ஸ்பிரிட் வகைகள் வேண்டவே வேண்டாம். அவற்றுள் மெதனோலின் சுவாலை வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. டீசல் புகையைத்தான் தரும். வாயில் எண்ணெய் வைத்து ஊதுவதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனவர்களைப் பார்த்தவன் என்ற முறையில், செய்யாதீர்கள் என்பதோடு நிறுத்துகிறேன்.

தோய்க்கும் இடமும் பற்றவைக்கும் இடமும் பத்து மீற்றராவது தள்ளியிருக்க வேண்டும், தோய்த்தவுடன் கலனை மூட வேண்டும். திரியில் மிஞ்சிய எண்ணெயைக் கலனுக்குள்ளேயே உதறிவிடாமல் சுழற்றினால், அது பற்றிய துளிகளாக முன்வரிசையில் இருப்பவர்கள் மேல் பறக்கும். சூடாறாத திரியை மீண்டும் தோய்ப்பவரை என்னால் மன்னிக்க முடியாது. எண்ணெய் பட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பிறகே லைட்டரைத் தொடுங்கள். கச்சான் காற்று வீசும் மாலைகளில் ஆட்டத்தை விட்டுவிடுங்கள், ஹோட்டல் முதலாளி முகம் சுளித்தாலும்.

மினுங்கும் நைலோன், பொலியெஸ்டர் உடை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. அதை உரித்தெடுப்பது எங்கள் வேலை, அது எப்படியிருக்கும் என்று விவரிக்க நான் விரும்பவில்லை. இறுக்கமான பருத்தி உடையே போதும், தலைமுடியை நனைத்துத் துணியால் கட்டுங்கள். நனைத்துப் பிழிந்த பருத்திப் போர்வையோடு, ஆட்டத்தை ரசிக்காமல் உங்களை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கைப்பந்தத்தை எறிந்துவிடலாம், வளையம் கைதவறினால் காலைச் சுற்றி விழுந்து உங்களை நடுவில் நிறுத்திவிடும். ஓடாமல், நெருப்பு இல்லாத இடைவெளியால் காலைத் தூக்கி வெளியே வைக்கும் பயிற்சியை நெருப்பில்லாத வளையத்தோடு பகலிலேயே செய்து பழகுங்கள்.

சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் முழுதாக 20 நிமிடங்கள் பிடியுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள், 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். பற்பசையும் ஐஸும் வேண்டாம். முகத்தில் சுவாலை பட்டு, மூக்கு மயிர் கருகியோ குரல் கரகரத்தோ இருந்தால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே வாருங்கள், அத்தகையவரின் மூச்சுக்குழாய் சில மணி நேரத்தில் வீங்கி அடைபடக்கூடும். பெற்றோல் கலந்திருந்தால் அதையும் முதல் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள். உங்களை ஏசுவதற்காக நாங்கள் அதைக் கேட்பதில்லை, ஏச்சு பிறகு எப்படியும் கிடைக்கும்.