பாலைவனத் தண்ணீர் சுடாது

வெளியே 41 டிகிரி வெயில். ஆம்புலன்சிலிருந்து இறக்கிய ஆளின் மேல் இரண்டு கம்பளி. உதடு நீலம் பாரித்திருக்கிறது, பல் தந்தியடிக்கிறது. கூட வந்த மைத்துனர், நான் தமிழ் என்று தெரிந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "நல்லா நீச்சல் தெரிஞ்சவர்தாங்க டாக்டர்." இந்தக் கோடையில் இதை நான் கேட்பது மூன்றாவது முறை. இனிமேலும் எழுதாமல் இருக்க முடியாது. (ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மத்திய ஆஸ்திரேலியாவில் அவசரப் பிரிவு மருத்துவராக வேலை பார்க்கிறேன். டிசம்பர், ஜனவரிதான் இங்கே கோடை. அந்தப் பள்ளி விடுமுறையில் அடிலெய்டிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் நம்மவர்கள் குடும்பத்தோடு கிளம்பி வருகிறார்கள். உலுருவைப் பார்த்துவிட்டு, கையோடு மேற்கு மெக்டொன்னல் மலைத்தொடருக்கும் ஒரு நாள். அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்களான அரெண்டா மக்கள் அதை ஜோரிட்ஜா என்பார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து மேற்கே 18 கிலோமீட்டரில் சிம்சன்ஸ் கேப், அப்புறம் எல்லரி க்ரீக் மடு, 135 கிலோமீட்டரில் ஆர்மிஸ்டன், அதையும் தாண்டி ரெட்பேங்க். செக்கச்சிவந்த பாறைச் சுவர், நடுவே கறுத்த தண்ணீர், கரையில் வெள்ளை மரங்கள். அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லீவு கிடைத்தால் நானும் அங்கேதான் போவேன்.

எனக்கு எரிச்சல் வருவது ஒரே ஒரு நினைப்பின் மேல்தான்: "பாலைவனம்தானே, தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்."

இருக்காது. இந்த மடுக்கள் மலை பிளந்த இடுக்கில் கிடப்பவை. இரண்டு பக்கமும் பாறை நிற்பதால் பாதி நாள் நிழல். பெருமழை பெய்தால்தான் ஆறு ஓடும், மற்ற நாளெல்லாம் தண்ணீர் அசையாமல் நிற்கும். இங்கே குளிர்கால இரவுகளில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அந்தக் குளிரை அடித்தண்ணீர் லேசில் விடாது. ஆர்மிஸ்டன் மடுவின் தென்கோடியில் ஆழம் சுமார் 14 மீட்டர். வெயில் சூடாக்குவது மேலே கொஞ்சத்தை மட்டும். கரையில் கையை விட்டால் இதமாக இருக்கும், இடுப்புக்குக் கீழே காலைப் பிடித்து இழுப்பது போலச் சில்லென்று இருக்கும். "கைய விட்டுப் பாத்தேன் டாக்டர், நல்லாத்தான் இருந்துச்சு" என்பார்கள். நீங்கள் தொட்டது மேல்தண்ணீரை. விழப்போவது அடித்தண்ணீரில்.

கொதிக்கிற உடம்போடு பாறை மேலிருந்து குதிக்கிறீர்கள். ஒரு பெரிய மூச்சை உடம்பு தானாக உள்ளே இழுக்கும். அதை யாராலும் அடக்க முடியாது, நீச்சல் வீரராலும்தான். அந்த நொடி தலை தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர். அடுத்த ஒன்றிரண்டு நிமிடம் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும், இதயம் தாறுமாறாக அடிக்கும். அதைத் தாண்டினாலும் சிறிது நேரத்தில் கைகால் சொன்ன பேச்சைக் கேட்காது. உடம்பு உண்மையில் விறைக்க அரை மணி நேரமாவது ஆகும். அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்காதவர்கள்தான் அதிகம். நீச்சல் தெரியும், நீச்சல் தெரியும் என்கிறீர்களே, நீந்துவதற்கு முதலில் மூச்சு வேண்டாமா?

ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அப்பா, மாமனார் விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறேன். பிரஷர் மாத்திரை போடுகிறவர், ஸ்டென்ட் வைத்தவர் என்றால் கரையில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். திடீர்க் குளிர் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். "கிராமத்துக் கிணத்துல குதிச்சு வளர்ந்தவன்டா" என்று மல்லுக்கு நிற்பார். அப்போது அவருக்கு வயது பத்து.

இறங்கியே ஆக வேண்டுமா? சரி. நிழலில் கொஞ்சம் உட்கார்ந்து உடம்பு ஆறட்டும். கரையோரமாக மெல்ல இறங்கி, முகத்திலும் கழுத்திலும் தண்ணீரை அடித்துக்கொள்ளுங்கள். மூச்சு நிதானப்பட்ட பிறகுதான் அடுத்த அடி. குதிக்கவே கூடாது. நீர்மட்டம் மாறிக்கொண்டே இருக்கும், போன வருடம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வருடம் பாறை இருக்கும். (கழுத்தெலும்பு முறிவு பற்றித் தனியாக ஒரு நாள் புலம்புகிறேன்.) தவறி விழுந்தால் உடனே நீந்தப் பார்க்காதீர்கள். மல்லாந்து மிதந்து மூச்சு கைக்கு வரும்வரை காத்திருங்கள். குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட், கரைக்கு அருகிலும் கட்டாயம். ரெட்பேங்கில் காற்றடைத்த டியூபில் மிதந்து இடுக்குக்குள் போகிறவர்களே, டியூப் கைவிட்டுப் போனால் அங்கே கரை கிடையாது, இருபுறமும் வழுக்குப் பாறைதான். சிம்சன்ஸ் கேப்பில் இறங்கவே அனுமதி இல்லை. ஆன்லைனில் பூங்கா பாஸ் எடுக்க மறக்காதவர்கள், வாசலில் நிற்கும் பலகையை மட்டும் ஏன்தான் படிப்பதில்லையோ.

நடைபாதைகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இந்த மலைத்தொடரை ஒட்டி 220 கிலோமீட்டருக்கு மேல் நீளும் லாராபின்டா பாதையில் ஒரு பகுதியாவது நடக்க ஆசையா, மே முதல் ஆகஸ்டுக்குள் வாருங்கள். கோடையில், மலை சூழ்ந்த ஆர்மிஸ்டன் பவுண்ட் சுற்று மாதிரியான 8.5 கிலோமீட்டர் நடையையெல்லாம் பகல் பத்து மணிக்கு ஆரம்பிக்காதீர்கள். இதே மத்திய ஆஸ்திரேலியாவில் இருக்கும் கிங்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கில் 36 டிகிரியோ அதற்கு மேலோ போகும் என்று முன்னறிவிப்பு இருந்தால், அதன் மேல்விளிம்பைச் சுற்றும் நடையைக் காலை 9 மணிக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பது விதி. அதே விதியை இங்கேயும் நீங்களாகவே வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீராகவே லிட்டர் லிட்டராகக் குடித்து, இரத்தத்தில் உப்பு இறங்கி வலிப்போடு வருகிறவர்களும் உண்டு. உப்புள்ள தின்பண்டம் கையில் இருக்கட்டும். ஒருவர் பேச்சு குழறினால் அது வெப்பத்தாக்கு. வியர்க்கிறதே என்று ஆறுதல்பட வேண்டாம், ஓடியாடி வெப்பத்தாக்கு வந்தவர்களுக்கு வியர்வை கொட்டவே செய்யும். மலைக்குள் பெரும்பாலும் சிக்னல் கிடையாது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

தண்ணீரிலிருந்து ஒருவரைத் தூக்கிவிட்டால் அங்கேயே படுக்க வையுங்கள். ஈரத்துணியை உருவிவிட்டு, துடைத்து, கிடைத்ததைப் போர்த்துங்கள். தேய்த்துச் சூடேற்றுகிறேன் என்று கைகாலைப் போட்டு உருட்ட வேண்டாம். மூச்சில்லை என்றால் உடனே வாயில் ஊதி, மார்பை அழுத்தத் தொடங்குங்கள். இன்னொருவர் வண்டியை எடுத்துக்கொண்டு சிக்னல் இருக்கும் இடத்துக்குப் போய் 000 அழைக்கட்டும். முதலில் சொன்னேனே, அந்த மைத்துனர் என்ன செய்தார் தெரியுமா? கரையேறியவரைக் கைத்தாங்கலாக வண்டி வரை நடக்க வைத்திருக்கிறார், "நடந்தா சூடு வரும்" என்று. பாதி வழியில் ஆள் சுருண்டு விழுந்திருக்கிறார். தண்ணீரில் போகாத நினைவு அங்கேதான் போயிருக்கிறது.