இரண்டு அரங்குகள், ஒரே முகம்

எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கட்டிய மெய்நிகர் அருங்காட்சியகத்தின் முதல் வடிவத்தில் வீரபாண்டிய கட்டபொம்மனுக்கும் வ.உ.சிதம்பரனாருக்கும் ஒரே முகம் இருந்தது. ஒருவர் 1799 அக்டோபரில் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டவர். இன்னொருவர் 1872-இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். இருவருக்கும் முகம் கொடுத்தவர் சிவாஜி கணேசன். 1959-இல் கட்டபொம்மனாகவும் 1961-இல் சிதம்பரனாராகவும் அவர் நடித்த படங்களின் காட்சிகளைத் தேடுபொறி எடுத்து நீட்ட, பிள்ளைகள் அப்படியே ஒட்டிவிட்டார்கள். இதைக் கண்டுபிடித்ததும் நான் அல்ல. தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு மாணவி, “சார், இவர்கள் அண்ணன் தம்பியா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தக் கோப்பை முந்தைய நாள் இரவுதான் பார்த்து ‘நன்று’ என்று எழுதியிருந்தேன்.

தென்மாவட்டம் ஒன்றில் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். மூன்று ஆண்டுகளாக ‘வரலாற்றில் தலைமை’ என்ற தலைப்பில் மாணவர்களைக் கொண்டு இணையத்தில் அருங்காட்சியகம் கட்டி வருகிறோம். இதே வேலையில் இறங்க நினைக்கும் ஆசிரியர்களும், வீட்டில் பிள்ளைக்கு உதவும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. எங்கள் சறுக்கல்களிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

தொழில்நுட்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூகுள் ஸ்லைட்ஸ் போதும். ஒவ்வொரு ஸ்லைடும் ஓர் அறை; சுவரில் மாட்டிய படத்தைத் தொட்டால் அதன் விளக்க அட்டை இருக்கும் ஸ்லைடுக்குப் போகும்; கதவைத் தொட்டால் அடுத்த அறை. பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் இரண்டு பாடவேளைகளில் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள், எனக்குத்தான் மூன்று தேவைப்பட்டது. படங்களைச் சுருக்கிப் போடுங்கள். பார்க்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் அப்பாவின் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள். கணினியைத் தொடுமுன் அறைகளின் வரைபடத்தை ஒரு தாளில் பென்சிலால் போடச் சொல்லுங்கள். தாளில் அழிப்பது எளிது.

கடினமான வேலை விளக்க அட்டையில்தான் இருக்கிறது. ஒரு பொருளுக்கு 40 சொற்களுக்கு மேல் கூடாது என்பது எங்கள் விதி. அந்த 40 சொற்களுக்குள் இது என்ன, யார் உருவாக்கியது, எப்போது, நமக்கு எப்படித் தெரியும் என்பதெல்லாம் வந்துவிட வேண்டும். ‘நமக்கு எப்படித் தெரியும்’ என்ற கேள்விதான் பிள்ளைகளை உட்கார வைத்துவிடும். ‘இணையத்தில் பார்த்தேன்’ என்பது பதில் அல்ல என்று புரிய ஒரு மாதம் ஆகிறது.

வேலு நாச்சியார் அறையை எடுத்துக்கொள்வோம். 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில் தங்கி, ஹைதர் அலியின் உதவியைத் திரட்டி, 1780-இல் சிவகங்கையை மீட்டவர். எட்டு ஆண்டுக் காத்திருப்பு. தலைமை என்றால் என்ன என்று கேட்கும் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் அமையாது. ஆனால் எங்கள் மாணவன் ஒருவன் கொண்டுவந்த படத்தில் இராணி வாளோடு நின்றார். வாள் பிடித்த கையில் ஆறு விரல்கள். செயற்கை நுண்ணறிவு வரைந்த படம். எல்லோரும் விரல்களை எண்ணிச் சிரித்தோம். மறு ஆண்டு வந்த படங்களில் விரல்கள் சரியாக இருந்தன. ஆகவே விரல் எண்ணும் சோதனை இனி உதவாது.

அதற்குப் பதிலாக ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறோம். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். அதற்கு முன் மறைந்த எவருக்கும் புகைப்படம் இருக்க முடியாது. 1796-இல் மறைந்த வேலு நாச்சியாரின் ‘அரிய புகைப்படம்’ என்று வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் அதை ஐந்து நொடியில் தள்ளிவிடலாம். எங்கள் அறையில் இப்போது 2008-இல் அஞ்சல் துறை வெளியிட்ட அவருடைய அஞ்சல் தலையைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. ‘இது பிற்காலத்தவரின் கற்பனை உருவம்’ என்று அட்டையில் எழுதியிருக்கிறோம். இப்படி எழுதியதால் இராணியின் பெருமை குறைந்துவிடவில்லை. இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகும் ஒரு நாடு அவரை எப்படி நினைக்க விரும்புகிறது என்பதற்கு அந்த உருவமே ஒரு சான்று.

குயிலி விஷயத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. வேலு நாச்சியாரின் படையில் இருந்து, தன் உடலில் தீ வைத்துக்கொண்டு வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்த பெண் என்று மக்கள் நினைவில் வாழ்பவர். ஆவணச் சான்று குறித்து ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ‘அப்படியானால் எடுத்துவிடலாம்’ என்றது ஒரு கட்சி. ‘எடுத்தால் நான் இந்த வேலைக்கு வரமாட்டேன்’ என்றாள் ஒருத்தி. முடிவில் அவளே வழி சொன்னாள். ‘மக்கள் நினைவிலிருந்து’ என்று தனிச் சுவர் ஒன்று எழுப்பி, அதற்கு வேறு வண்ணம் அடித்தார்கள். அந்தச் சுவரில் இருப்பவை பொய் என்று யாரும் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தவை என்று மட்டும் சொல்லியிருக்கிறது. பெரிய அருங்காட்சியகங்கள் சிலவற்றுக்குக்கூட இந்த யோசனை பயன்படும் என்று தோன்றியது. சொன்னால் ஆசிரியரின் பிள்ளைப்பாசம் என்பார்கள்.

பொன்மொழிகளில் கறாராக இருங்கள். காமராஜர் சொன்னது, அம்பேத்கர் சொன்னது, கலாம் சொன்னது என்று சுற்றும் வாசகங்களில் எது அவர்கள் வாயிலிருந்து வந்தது என்று தேடப் போனால் தலை சுற்றும். நூலின் பெயரும் பக்க எண்ணும் இல்லாமல் மேற்கோள் சுவரேறாது என்றேன். 31 மேற்கோள்கள் வந்திருந்தன. இரண்டு மிஞ்சின.

இனி, எனக்கு மிகவும் பிடித்த அறை. அதில் ஒரு குடை இருக்கிறது.

சிதம்பரனார் அறையைச் சீர்செய்யத் தொடங்கியபோது, அவருடைய படமே வேண்டாம், ஒரே ஒரு பொருளைக் கொண்டு அவர் கதையைச் சொல்லுங்கள் என்றேன். செக்கு என்று எல்லோரும் கை தூக்கினார்கள். ஒரு குழு மட்டும் குடை என்றது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டுக்கொண்டிருந்த ஆங்கிலேயக் கம்பெனிக்குப் போட்டியாக 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மறு ஆண்டு காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் பயணம் இலவசம், கூடவே ஒரு குடையும் இலவசம் என்று அறிவித்ததாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. மாணவர்கள் குடையைக் கையால் வரைந்தார்கள். அட்டையின் கடைசி வரி: ‘நீங்களாக இருந்தால் எந்தக் கப்பலில் ஏறியிருப்பீர்கள்?’ இலவசத்துக்கும் கொள்கைக்கும் இடையே நின்று யோசித்த 1907-ஆம் ஆண்டுப் பயணியை அந்த வரி அறைக்குள் கொண்டுவந்துவிட்டது.

அங்கிருந்துதான் எங்கள் அருங்காட்சியகத்தின் போக்கே மாறியது. அந்தக் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகள் வாங்கினார் என்று படித்ததும் ஒருவன் பெருக்கிப் பார்த்து, ‘இரண்டு லட்சம், ஐந்தில் ஒரு பங்கு!’ என்று கத்தினான். தலைவராக இருந்தவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். ‘கப்பலோட்டியவர் ஒருவர் இல்லையா சார்?’ என்ற கேள்வி எழுந்தது. பாடநூலில் ஒரு தலைவருக்கு ஒரு படம், ஒரு பத்தி. அவரைச் சுற்றி நின்றவர்களுக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. மெய்நிகர் அறையில் சுவருக்குப் பஞ்சமில்லை.

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்கு அடுத்த சுவர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். சில நாட்களில் நிர்வாகம் பணிந்து ஊதிய உயர்வுக்கும் வார விடுமுறைக்கும் ஒப்புக்கொண்டது. ஊரும் துணை நின்றது. வேலைநிறுத்தத்தைப் பழித்துப் பேசிய ஒருவருக்கு நாவிதர் பாதிச் சவரத்தோடு நிறுத்திவிட்டுப் போனார் என்ற கதையைப் பிள்ளைகள் விடவேயில்லை. அந்தப் பாதித் தாடி முகத்தை மூன்று பேர் மூன்று விதமாக வரைந்து வந்தார்கள். மூன்றையும் மாட்டினோம், விளக்க அட்டையில் ‘சொல்லப்படும் கதை’ என்ற குறிப்போடு. மார்ச் 12 அன்று சிதம்பரனார் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள்.

அதே அறையின் மூலையில் அவருடைய பிற்கால வாழ்க்கை. 1912 இறுதியில் சிறையிலிருந்து வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, வழக்கறிஞர் உரிமமும் இல்லை. உரிமம் திரும்பக் கிடைக்க உதவிய ஆங்கிலேய நீதிபதி வாலஸின் பெயரை நன்றியோடு தன் மகனுக்கு வாலேசுவரன் என்று சூட்டினார். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து இரட்டை ஆயுள் தண்டனை பெற்ற மனிதர் இப்படிச் செய்தார் என்பது பிள்ளைகளுக்கு முதலில் செரிக்கவில்லை. அரைமணி நேரம் வாதிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆண்டில் நான் எடுத்த மிக நல்ல வகுப்பு அதுதான்.

உத்திரமேரூர் அறையில் வேறு விதமான சங்கடம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. 30 குடும்புகள் (ஊரின் பிரிவுகள்), ஓலையில் எழுதிய பெயர்கள், குடம், அதிலிருந்து ஓலை எடுக்கும் சிறுவன். குடவோலை முறையைப் பிள்ளைகள் நடித்துக் காட்டிக் காணொளி எடுத்தார்கள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வாரியத்துக்கு, அதாவது ஊர் நிர்வாகக் குழுவுக்கு, நிற்க முடியாது என்ற விதியைப் படித்ததும் பலத்த கைதட்டல். பிறகு மற்ற விதிகளும் வந்தன: வயது 35-க்கு மேல், 70-க்குள், கால் வேலிக்கு மேல் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. ‘நம் வகுப்பில் யார் வீட்டிலிருந்து ஒருவர் நிற்கலாம்?’ என்று கேட்டேன். அமைதி. ‘உலகின் முதல் மக்களாட்சி’ என்று பெரிய எழுத்தில் வைத்திருந்த தலைப்பை அவர்களே எடுத்துவிட்டு, ‘ஒரு பிராமணச் சபை தன்னை ஆண்ட விதம்’ என்று மாற்றினார்கள். பெருமைப்பட வேண்டியது இன்னமும் அதில் இருக்கிறது.

எதிர்த்தவர்களையும் அறைக்குள் விடுங்கள். முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னைச் சட்டமன்றத்துக்குள் நுழைந்து, தேவதாசி முறை ஒழிப்புக்குக் குரல் கொடுத்தார். சட்டம் முழுமையாக நிறைவேறியது 1947-இல். இடைப்பட்ட ஆண்டுகளை வெறும் அம்புக்குறியாகப் போட்டிருந்தார்கள். அந்த அம்புக்குறிக்குள்தான் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் ஊர் ஊரான பிரசாரம் இருக்கிறது; தேவதாசிகள் சிலரே எழுதிய எதிர்ப்பு மனுக்களும் இருக்கின்றன. எதிர்த்தவர்களில் ஒருவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதி ஆலயம் எழுப்பியவரும் அவர்தான். இசைக் குழுவினர் தங்கள் அறையில் அவரைத் தலைவராக வைத்திருந்தார்கள். இப்போது இரு அறைகளுக்கும் நடுவே ஒரு கதவு இருக்கிறது.

சட்ட விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வகுப்பறைக்குள் பாடத்துக்காக ஒரு படத்தைக் காட்ட 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. அதே படத்தை உலகமே பார்க்கும்படி ஏற்றுவது வேறு. விக்கிமீடியா காமன்ஸில் படத்தின் கீழே உரிமக் குறிப்பு இருக்கும். அதைப் படித்து, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் அட்டையில் எழுதுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் கிடைக்கின்றன. எதுவும் தேறவில்லையென்றால் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். குடைக்கு அப்படித்தான் வந்தோம்.

இன்னொன்று, முதல் ஆண்டில் நான் செய்த தவறு. ‘உருவாக்கியவர்கள்’ என்று கடைசி ஸ்லைடில் மாணவர்களின் முழுப்பெயர், வகுப்பு, புகைப்படம் எல்லாம் போட்டுப் பொதுவெளியில் பகிர்ந்துவிட்டேன். பெருமையில் செய்தது. ஒரு மாணவியின் தாய் பள்ளிக்கு வந்து, மிகப் பணிவாக, ‘ஐயா, பிள்ளை படத்தை எடுத்துவிடுங்கள்’ என்றார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அந்தத் தாய் சொன்னது போதும். இப்போது ‘குடைக் குழு’, ‘குடவோலைக் குழு’ என்று மட்டுமே போடுகிறோம்.

சென்ற மார்ச்சில் பெற்றோர் கூட்டத்தன்று திரையில் போட்டுக் காட்டினோம். சலூன் வைத்திருக்கும் ஒரு தந்தை பாதித் தாடிப் படங்களின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு தன் மகனிடம், “அவர் பேர் என்னவாம்?” என்று கேட்டார். படத்தில் இருந்த பெரிய மனிதரைக் கேட்கிறார் என்று நினைத்து, வழக்கறிஞர் என்று ஏதோ சொல்லத் தொடங்கினான் பையன். “அவரை இல்லை, சவரம் செய்தவரை” என்றார்.

மூன்று படங்களுக்கும் பக்கத்தில் இப்போது ஒரு வெற்றுச் சட்டகம் மாட்டியிருக்கிறோம். அதன் அட்டையில் 40 சொற்களுக்கு இடம் இருக்கிறது. இந்த ஆண்டு வந்த ஒன்பதாம் வகுப்பில் நான்கு பேர் அதைத் தங்கள் வேலையாகக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.