ஹிஸ்டரியை அழித்த பிறகும் மிச்சமிருப்பவை

"எல்லாத்தையும் அழிச்சுட்டேன், நீங்க ஒரு தடவை பார்த்துட்டா நிம்மதி" என்று சொல்லி ஒருவர் லேப்டாப்பை என் மேசையில் வைத்தார். மச்சினனுக்குக் கொடுக்கப் போகிறாராம். குரோம் பிரவுசரைத் திறந்தேன். பார்த்த தளங்களின் பட்டியலான ஹிஸ்டரி காலி, தளங்கள் விட்டுச்செல்லும் சிறு குறிப்புகளான குக்கியும் இல்லை. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் மட்டும் பத்துப் பதினைந்து பிடிஎஃப் கிடந்தன. ஒன்றை எடுத்து, கமாண்ட் விண்டோவில் ஒரு வரி அடித்தேன். அந்த பிடிஎஃப் எந்தத் தளத்திலிருந்து, எந்தப் பக்கத்தின் வழியாக வந்தது என்ற முழு முகவரியும் திரையில் விழுந்தது. ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தின் தளம். மனிதருக்கு முகம் மாறிவிட்டது. "இது எங்க சார் இருந்துச்சு?"

அந்த ஃபைலோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. டிஸ்க்கில் ஃபைல்களைச் சேமிக்க விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில், ஒரு ஃபைலோடு கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பகுதியைச் சேர்த்து வைக்க முடியும். இணையத்திலிருந்து எதை இறக்கினாலும் பிரவுசர் அதில் சோன் ஐடென்டிஃபையர் என்று ஒரு சீட்டை ஒட்டிவிடும். நல்லதுக்குத்தான், வெளியிலிருந்து வந்த ஃபைலைத் திறக்கும்போது விண்டோஸ் எச்சரிப்பது இந்தச் சீட்டைப் பார்த்துத்தான். ஆனால் ஹிஸ்டரியை எத்தனை முறை அழித்தாலும் இது போகாது. ஃபைல் வேண்டும், சீட்டு வேண்டாம் என்றால் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் அன்பிளாக் என்பதை டிக் செய்யுங்கள். மேக்கிலும் இதே கதைதான். இறக்கிய ஃபைல்களின் முகவரிகள் குவாரண்டைன் என்ற பெயரில் தனி டேட்டாபேஸ் ஒன்றில் சேர்ந்துகொண்டே போகும். சஃபாரியில் ஹிஸ்டரியை அழிப்பது அதைத் தொடுவதில்லை.

கொஞ்சம் பழைய ஆட்கள் வந்தால் வேறொன்றைக் கேட்பார்கள்: "அந்த இண்டெக்ஸ் டாட் ஃபைலை எப்படி சார் எடுக்கிறது?" இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்துப் பூதம் அது. பார்த்த தளங்களின் முகவரிகளை அந்த பிரவுசர் இண்டெக்ஸ் டாட் (index.dat) என்ற ஃபைல்களில் எழுதி வைத்தது. ஹிட்டன் ஃபைல்களைக் காட்டச் சொன்னாலும் அவை எளிதில் கண்ணில் படாது. லாகின் ஆகியிருக்கும்போது விண்டோஸ் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால் டெலிட்டும் ஆகாது. மெனுவில் ஹிஸ்டரியை அழித்த பிறகும் உள்ளே பழைய வரிகள் கிடந்தன. இந்தப் பயத்தை வைத்தே ஏகப்பட்ட "கிளீனர்" மென்பொருள்கள் விற்றுத் தள்ளப்பட்டன. 2012-ல் வந்த பத்தாம் பதிப்போடு இண்டெக்ஸ் டாட் ஓய்ந்தது. 2022 ஜூனில் அந்த பிரவுசருக்கே மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்துவிட்டது.

ஆனால் வாரிசு இருக்கிறது. வெப்கேஷ் என்ற ஃபோல்டரில் வெப்கேஷ் வி01 டாட் (WebCacheV01.dat) என்ற ஃபைல். இணையத்தோடு பேச உதவும் விண்டோஸின் பழைய நிரல் தொகுப்பை நம்பியிருக்கும் நிரல்கள் இன்னும் இதில் எழுதுகின்றன. சொந்தக் கம்ப்யூட்டரிலேயே திறந்த ஃபைல்களின் பெயர்கள்கூட சில சமயம் இதில் வந்து விழும். கண்ட்ரோல் பேனலில் இன்டர்நெட் ஆப்ஷன்ஸுக்குப் போய் அங்கே ஹிஸ்டரியை அழிப்பதுதான் முறை. ஃபைலைத் தேடிப் பிடித்து மல்லுக்கட்ட வேண்டாம்.

இன்றைய பிரவுசர்களில் பூதம் எதுவும் இல்லை. குரோமும் ஃபயர்பாக்ஸும் ஹிஸ்டரியை எஸ்க்யூலைட் என்ற சாதாரண டேட்டாபேஸ் ஃபைல்களில்தான் வைக்கின்றன. அவை இருக்கும் ஆப்டேட்டா என்ற ஃபோல்டர் மறைந்திருப்பதால் அவை மர்மமாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். குரோமில் அந்த ஃபைலின் பெயரே ஹிஸ்டரி. கம்ப்யூட்டரில் 90 நாள் வரலாற்றை வைத்திருக்கும். நேரத்தை 1601 ஜனவரி 1-லிருந்து மைக்ரோ வினாடிகளில் எண்ணுவதால், திறந்து பார்த்தாலும் 17 இலக்க எண்கள்தான் முறைக்கும். ஃபயர்பாக்ஸில் பிளேசஸ் என்ற ஃபைல். ஹிஸ்டரியும் புக்மார்க்கும் ஒரே ஃபைலில் குடியிருப்பதால் அதில் கைவைப்பது ஆபத்து. பிரவுசரே அழிக்கும்போது, அந்த இடத்தைப் பூஜ்ஜியங்களால் நிரப்பும் அமைப்பு இரண்டிலும் இயங்குகிறது. ஆகவே "டெலிட் செய்தாலும் உள்ளே அப்படியே இருக்கும்" என்று யாராவது பயமுறுத்தினால், அந்த ஃபைலைப் பொறுத்தவரை அது முழு உண்மை இல்லை. விண்டோஸ் எடுத்து வைத்த ரீஸ்டோர் பாயின்ட்டிலோ, உங்கள் பேக்கப்பிலோ பழைய பிரதி இருந்தால் அது வேறு விஷயம்.

எங்கேயோ படித்துவிட்டு குரோமின் டிஃபால்ட் ஃபோல்டரையே தூக்கிப் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். ஹிஸ்டரி போனது. கூடவே எட்டு வருட புக்மார்க்கும், சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டு அத்தனையும் போயின. ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், கையால் அழிக்காதீர்கள். கண்ட்ரோல், ஷிப்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் பெட்டி போதும். அதில் கால அளவைப் பாருங்கள். பலர் அதைக் கவனிக்காமல் ஓகே கொடுத்து, கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் அழித்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "யாருக்குத் தெரியக் கூடாது?" என்பதுதான். கொஞ்சம் சங்கடமான கேள்வி. ஆனால் பதிலைப் பொறுத்து வேலையே மாறிவிடுகிறது.

வீட்டில் அதே கம்ப்யூட்டரைத் தொடுகிற இன்னொருவருக்கா? அட்ரஸ் பாரில் எட்டிப் பார்க்கும் ஒரு பெயர்தான் தொல்லை என்றால், அம்புக்குறியால் அந்த வரிக்குப் போய் ஷிப்ட், டெலிட் அழுத்துங்கள், அது மட்டும் போகும். ஃபயர்பாக்ஸின் ஹிஸ்டரியில் ரைட் கிளிக் செய்தால் "இந்தத் தளத்தை மறந்துவிடு" என்ற வசதி உண்டு. அந்தத் தளத்தின் குக்கி, கேஷ் என்ற தற்காலிகப் பிரதிகள் எல்லாம் சேர்ந்து போகும். எனக்குப் பிடித்த வசதி இதுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தன்னைக் கண்காணிக்கும் ஒருவரோடு வாழ்பவர்கள், உதவி தேடிய பக்கங்களை மறைக்க மொத்த ஹிஸ்டரியையும் துடைத்துவிடுகிறார்கள். திடீரென்று காலியாகக் கிடக்கும் ஹிஸ்டரியே சந்தேகத்தைக் கிளப்பும். அவர்களுக்கு நான் சொல்வது, முடிந்தால் வேறொருவர் கம்ப்யூட்டரிலிருந்து தேடுங்கள் என்பதுதான்.

அலுவலகத்துக்கா? அது அவர்கள் இயந்திரம், அவர்கள் நெட்வொர்க். பதிவு அங்கே வேறு இடத்தில் இருக்கும். நீங்கள் இங்கே அழிப்பதால் ஒன்றும் ஆகாது. விசாரணை ஏதாவது நடக்கிறது என்றால் அழிப்பதே உங்களுக்கு எதிராகத் திரும்பும். அப்படிப்பட்ட வேலையை நான் தொடுவதில்லை.

கூகுளுக்கா? அப்படியானால் கம்ப்யூட்டரில் தேடிப் பயனில்லை. கணக்கில் நுழைந்து "மை ஆக்டிவிட்டி" பக்கத்தில் அழிக்க வேண்டும். லேப்டாப்பையும் போனையும் ஒத்திசைக்கும் சிங்க் ஓடிக்கொண்டிருந்தால் ஒன்று நினைவில் இருக்கட்டும்: லேப்டாப்பில் ஹிஸ்டரியை அழித்தால் போனிலும் போய்விடும். குரோமின் ரகசிய ஜன்னலான இன்காக்னிட்டோவை நம்பி இருப்பவர்களும் உண்டு. அது இந்தக் கம்ப்யூட்டரில் ஹிஸ்டரியை எழுதாது, அவ்வளவுதான். இறக்கிய ஃபைல் அங்கேயே இருக்கும், இணைய நிறுவனத்துக்கும் நீங்கள் போன தளம் தெரியும். இன்காக்னிட்டோவிலும் தகவல் சேகரித்ததாக அமெரிக்காவில் கூகுள் மீது 2020-ல் வழக்கே தொடுக்கப்பட்டது. சேகரித்தவற்றில் கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024-ல் கூகுள் ஒப்புக்கொண்டது.

இந்த வேலைக்கெல்லாம் கிளீனர் மென்பொருள் தேவையா என்று கேட்கிறார்கள். நான் போடுவதில்லை. 2017-ல் சிகிளீனர் என்ற கிளீனரின் ஒரு பதிப்புக்குள்ளேயே தாக்குதல்காரர்கள் தீநிரலைப் புகுத்திவிட்டார்கள். 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. சுத்தம் செய்ய வந்ததே அழுக்கைக் கொண்டுவந்தது.

சரி, அந்த மச்சினன் லேப்டாப். கைமாறப் போகும் இயந்திரத்தில் ஒவ்வொரு ஃபைலாகத் துரத்துவது வீண் வேலை. வேண்டியவற்றை முதலில் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினோம். அப்புறம் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, விண்டோஸ் ரீசெட்டில் எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு, டிரைவைச் சுத்தம் செய் என்ற தேர்வையும் போட்டு விட்டோம். உள்ளே இருந்தது பழைய ஹார்ட் டிஸ்க், மதியம் ஆரம்பித்தது இருட்டிய பிறகுதான் முடிந்தது. மனிதர் கிளம்பவே இல்லை. நூறு சதவீதம் வந்து புதுத் திரை தெரிந்ததும்தான் எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "அந்த வெளி டிஸ்க்குல காப்பி பண்ணோமே, அந்த பிடிஎஃப்ல சீட்டு இன்னும் இருக்குமா?" என்று கேட்டார். அந்த டிஸ்க்கும் என்டிஎஃப்எஸ்தான், ஆகவே இருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக அன்பிளாக் செய்தோம்.